மறதி நோயின் மர்மம் கண்ட மருத்துவ மேதை அல்சைமர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

முன்னுரை

வானத்து மீன்களை எண்ணியவர்கள் உண்டு. கடலின் ஆழத்தை அளந்தவர்கள் உண்டு. ஆனால் ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மனித மூளைக்குள் புகுந்து, நினைவு என்னும் செல்வம் எவ்வாறு களவு போகிறது என்று தேடியவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் ஜெர்மனி நாட்டு மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர்.

நம் அரியலூர் மண்ணைத் தோண்டினால் ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததற்கான அடையாளங்கள் கல்லாகக் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என்பர். கல் இத்தனைக் காலம் கடந்தும் தன் கதையைக் காத்து வைத்திருக்கிறது. ஆனால் 70 ஆண்டுகள் வாழ்ந்த மனிதர் தம் பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்து நிற்கிறாரே, அது ஏன்? இது வயதின் குற்றமா? விதியின் விளையாட்டா? இக்கேள்விக்கு முதன்முதலாக நுண்ணோக்கியின் வழியே விடை தேடியவரின் வாழ்க்கை வரலாற்றை ஈண்டு சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

அலாய்ஸ் அல்சைமர் 1864ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் மைன் ஆற்றங்கரையில் உள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் எடுவர்ட், பத்திரங்களுக்குச் சான்று வழங்கும் நோட்டரியாகப் பணியாற்றியவர். அவருடைய முதல் மனைவி இறந்தபின், அம்மையாரின் தங்கை தெரேசியாவையே அவர் மணந்தார். அத்தெரேசியாவின் தலைமகனே நம் அல்சைமர். அக்காள் இறந்தால் தங்கையைக் கொடுத்து உறவு விடாமல் காக்கும் வழக்கம் நம் ஊர்ப் பக்கத்தில் மட்டும் உள்ளதன்று போலும்!

பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் அஷாஃபன்பர்க் என்னும் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் அறிவியல் பாடங்களிலே சிறந்து விளங்கிய அல்சைமர் 1883இல் பள்ளிப் படிப்பை முடித்து, பெர்லின், வூர்ஸ்பர்க், டூபிங்கன் ஆகிய பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். மாணவப் பருவத்தில் அவர் வெறும் புத்தகப் புழுவாக இருந்தவர் அல்லர். அக்கால ஜெர்மன் மாணவர் சங்கங்களின் வழக்கப்படி வாட்போர் செய்து, முகத்தின் இடப்புறத்தில் ஒரு நீண்ட தழும்பையும் பெற்றார். 1887இல் மருத்துவப் பட்டம் பெற அவர் எழுதிய ஆய்வேடு எதைப் பற்றியது தெரியுமா? காதுக் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது! பிற்காலத்தில் மூளையை ஆராய்ந்து புகழ்பெற்றவர் காதிலிருந்துதான் தொடங்கினார். இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பொருள் சிறிதாக இருக்கலாம். ஆனால் அதைக் கொண்டே அவர் திசுவை வெட்டவும், சாயம் ஏற்றவும், நுண்ணோக்கியில் பொறுமையோடு பார்க்கவும் பழகிக்கொண்டார்.

பிராங்க்பர்ட் மருத்துவமனையில்

1888ஆம் ஆண்டு டிசம்பரில் பிராங்க்பர்ட் நகரில் மனநோயாளிகளுக்கும் வலிப்பு நோயாளிகளுக்குமான மருத்துவமனையில் அல்சைமர் பணியில் சேர்ந்தார். அதன் தலைமை மருத்துவர் எமில் சியோலி. மனநோயாளிகளைக் கட்டிப்போடுவதும் அடைத்து வைப்பதும் எங்கும் வழக்கமாயிருந்த காலம் அது. சியோலியும் அல்சைமரும் அவ்வழக்கத்தைக் கூடியவரை கைவிட்டனர். கட்டுகளுக்குப் பதிலாக இதமான வெந்நீர்க் குளியல், படுக்கை ஓய்வு, பரிவான பேச்சு ஆகியவற்றைக் கையாண்டனர்.

அடுத்த ஆண்டு பிரான்ஸ் நிசில் என்னும் இளம் மருத்துவர் அங்கு வந்து சேர்ந்தார். நரம்புச் செல்களைத் தெளிவாகக் காட்டும் சாயமேற்றும் முறையைக் கண்டவர் அவர். இன்றும் விலங்கியல், மருத்துவ நூல்களில் நிசில் துகள்கள் என்று படிக்கிறோமே, அந்த நிசில் இவர்தான். பகலெல்லாம் நோயாளிகளோடு உரையாடுவது, இரவெல்லாம் நுண்ணோக்கியின் முன் அமர்வது என்று இருவரும் இணைபிரியா நண்பர்களாய் உழைத்தனர். மனநோய்க்கு உடலில், மூளைத் திசுவில், காரணம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அக்காலத்தில் மனநோய் மருத்துவமனைகளை நிரப்பியவர்களுள் ஒரு பெரும் பகுதியினர், சிபிலிஸ் நோய் மூளையைத் தாக்கியதால் புத்தி தடுமாறியவர்கள். அவர்களின் மூளையில் நிகழும் மாற்றங்களை அல்சைமர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். மூளையின் இரத்தக் குழாய்கள் தடிப்பதால் வரும் அறிவு மங்கலைப் பற்றியும் எழுதினார். அவர் பெயரால் இன்று அறியப்படும் நோய், அவர் வாழ்நாள் ஆராய்ச்சியில் ஒரு சிறு பகுதியே என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இக்காலத்தில் செசிலி என்னும் செல்வ வளம் மிக்க கைம்பெண்ணை அவர் மணந்தார். இரண்டு பெண்களும் ஓர் ஆணுமாக மூன்று குழந்தைகள் பிறந்தனர். ஆனால் இல்வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. 1901இல் செசிலி மறைந்தார். அல்சைமரின் தங்கை வந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அல்சைமர் தம் துயரத்தை வேலையில் கரைத்தார்.

அகஸ்தே என்னும் பெண்மணி

அதே 1901ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், ரயில்வே எழுத்தர் ஒருவர் தம் மனைவியை அம்மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்த்தார். அவர் பெயர் அகஸ்தே டீட்டர். வயது 51தான். முதலில் காரணமின்றிக் கணவர்மீது ஐயம் கொண்டார். பிறகு சமையலில் தடுமாற்றம், பொருள்களை எங்கெங்கோ ஒளித்து வைத்தல், வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் அலைதல், இரவில் கூச்சல். மூப்பு வருமுன்னே இத்தனையும் வந்தன.

மறுநாள் அல்சைமர் அவரருகே அமர்ந்து கேள்விகள் கேட்டார். பெயரைக் கேட்டபோது அகஸ்தே தம் பெயரைச் சரியாகச் சொன்னார். கணவர் பெயரைக் கேட்டபோதும் தம் பெயரையே சொன்னார். மதிய உணவில் காலிபிளவரும் பன்றி இறைச்சியும் உண்டுகொண்டிருந்தவர், என்ன உண்கிறீர்கள் என்றதற்குக் கீரை என்றார். பென்சில், சாவி முதலிய பொருள்களைக் காட்டினால் பெயர் சொல்வார். சற்றுநேரம் கழித்து என்ன காட்டினேன் என்றால் ஒன்றும் நினைவிராது. பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நிறுத்திவிட்டு, தம்மையே தாம் தொலைத்துவிட்டதாகச் சொல்லிக் கலங்குவார். இவை அனைத்தையும் அல்சைமர் கேள்வி, விடை என்று ஒன்று விடாமல் கைப்பட எழுதி வைத்தார். பைத்தியத்தின் உளறல் என்று ஒதுக்கத்தக்க சொற்களை ஒரு மருத்துவர் காது கொடுத்துக் கேட்டு எழுதினார் அல்லவா? மருத்துவ உலகின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று அந்த இடத்தில்தான் பிறந்தது.

மியூனிக் ஆராய்ச்சிக்கூடம்

1903இல் மனநல மருத்துவத்தில் புகழ்பெற்ற எமில் கிரேப்பலினோடு அல்சைமர் மியூனிக் நகருக்குச் சென்றார். அங்கே மூளைத் திசு ஆராய்ச்சிக்கூடத்தை உருவாக்கி நடத்தினார். சில ஆண்டுகள் ஊதியமே இல்லை. மனைவி விட்டுச் சென்ற செல்வமே அவருக்குக் கைகொடுத்தது. இத்தாலி, அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். அடிமையாய் இருந்தவரின் பேரனான சாலமன் கார்ட்டர் புல்லர் என்னும் கறுப்பின மருத்துவரும் அங்கே பயின்றவர்தாம். அல்சைமர் ஒவ்வொரு மாணவரின் அருகிலும் அமர்ந்து நுண்ணோக்கியில் பார்த்து விளக்குவாராம். பேச்சு மும்முரத்தில் பற்றவைத்த சுருட்டை மேசையிலேயே விட்டுவிட்டு அடுத்த மாணவரிடம் போய்விடுவாராம். மாலையில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சுருட்டுத் துண்டு கிடக்குமென்று கூறுவர்!

ஊர் மாறினாலும் அகஸ்தேயை அவர் மறக்கவில்லை. அப்பெண்மணியின் நிலையைத் தொடர்ந்து கேட்டறிந்து வந்தார். நாலரை ஆண்டுகள் படுக்கையில் கிடந்து, 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் அகஸ்தே இறந்தார். சியோலி அவருடைய நோய்க் குறிப்புகளையும் மூளையையும் மியூனிக்குக்கு அனுப்பி வைத்தார்.

நுண்ணோக்கி காட்டிய உண்மை

எங்கள் ஆய்வகத்தில் திசுவை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மெல்லிய சீவல்களாக வெட்டி, ஹிமடாக்சிலின், இயோசின் சாயங்களை ஏற்றிப் பார்க்கிறோம். அச்சாயங்கள் செல்லின் பொது அமைப்பைக் காட்டும். நரம்பிழைகளின் நுட்பத்தைக் காட்டா. அல்சைமருக்கு நல்வாய்ப்பாக, அப்போதுதான் பீல்ஷோவ்ஸ்கி என்பவர் வெள்ளி உப்புகளைக் கொண்டு நரம்பிழைகளைக் கறுப்பாகக் காட்டும் முறையைக் கண்டிருந்தார். அம்முறையை அகஸ்தேயின் மூளைச் சீவல்களில் அல்சைமர் கையாண்டார்.

அவர் கண்டது மூன்று. முதலாவது, மூளையின் புறணி மெலிந்து சுருங்கியிருந்தது. நரம்புச் செல்கள் பெருமளவில் அழிந்திருந்தன. இரண்டாவது, செல்களுக்கு வெளியே புறணியெங்கும் ஏதோ ஒரு பொருள் சிறுசிறு திட்டுகளாகப் படிந்திருந்தது. மூன்றாவது, செல்களுக்கு உள்ளே நுண்ணிழைகள் தடித்து முறுக்கேறிச் சிக்கிக் கிடந்தன. நூற்கண்டு சிக்குப் பிடித்தால் தறி ஓடுமா? அதுபோலச் செல் செத்தது. ஆனால் சிக்கு மட்டும் அப்படியே எஞ்சி நின்றது.

வெளியே படிந்தது அமிலாய்டு என்னும் புரதம். உள்ளே சிக்கியது டௌ என்னும் புரதம். இவ்விரண்டின் இயல்பும் 1980களில்தான் வெளியாயிற்று. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் கடற்குதிரை வடிவப் பகுதியும் அதனை அடுத்த புறணியும் இந்நோயில் முதலிலேயே தாக்குண்கின்றன. காலையில் உண்டது மறந்துபோக, 50 ஆண்டுகளுக்கு முன் நடந்தது நினைவில் நிற்பதன் காரணம் இதுவே.

1906ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் டூபிங்கனில் கூடிய மனநல மருத்துவர் மாநாட்டில் அல்சைமர் தம் கண்டுபிடிப்பை விளக்கினார். உரை முடிந்தது. கேள்வி கேட்பார் ஒருவருமில்லை! அவையின் ஆர்வமெல்லாம் அடுத்த உரையின்மீதே இருந்தது. பெரும் உண்மைகள் பல இவ்வாறு மௌனத்தையே முதற்பரிசாகப் பெற்றிருக்கின்றன. 1907இல் அவ்வுரை ஒரு சிறு கட்டுரையாக வெளிவந்தது. அதே ஆண்டில் பிராகா நகரின் ஆஸ்கர் பிஷர் என்பாரும் முதியோர் மூளைகளில் இத்தகைய படிவுகளைக் கண்டு எழுதினார். 1910இல் கிரேப்பலின் தம் பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார். அல்சைமர் தாமாகத் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இறுதிக் காலம்

1912இல் அல்சைமர் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். இன்று அந்நகர் விராட்ஸ்லாவ் என்னும் பெயரோடு போலந்து நாட்டில் உள்ளது. பதவியேற்கச் செல்லும் ரயில் பயணத்திலேயே அவர் நோயுற்றார். அந்நோய் இதயத்தைத் தாக்கியது. முழு நலம் திரும்பவேயில்லை. முதல் உலகப் போரின் நடுவே, 1915ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 51. அகஸ்தே மருத்துவமனைக்கு வந்தபோது இருந்த அதே வயது! பிராங்க்பர்ட் நகரில் மனைவி செசிலியின் கல்லறைக்கு அருகிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருக்குப் பின் ஏறத்தாழ 60 ஆண்டுகள் இந்நோய் நடுத்தர வயதினருக்கு எப்போதோ வரும் அரிய நோய் என்றே மருத்துவர்கள் எண்ணினர். 65 வயதைக் கடந்தவர்கள் மறந்தால் அது நோயன்று, மூப்பின் இயல்பு என்று விட்டுவிட்டனர். 1960களில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் முதியோர் மூளைகளை ஆராய்ந்தபோது அதே படிவுகளும் அதே சிக்கல்களும் தென்பட்டன. 1976இல் ராபர்ட் காட்ஸ்மன் என்னும் அமெரிக்க மருத்துவர், இரண்டும் ஒரே நோய்தான், வயது ஒரு வேலியன்று என்று அழுத்தமாக எழுதினார். அதன் பிறகே உலகம் விழித்தது. தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அகஸ்தேயின் நோய்க் குறிப்பேடும் 1995இல் பிராங்க்பர்ட்டில் கண்டெடுக்கப்பட்டது.

எங்கள் வீட்டில்

இவ்வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் அப்பாயிக்கு இந்நோய் இருந்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் அவர். ஆயினும் ஊரில் யார் நிலம் எந்த வரப்போடு முடிகிறது, யார் வீட்டில் எந்த ஆண்டு என்ன மொய் வந்தது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தன. அப்படிப்பட்டவர் அடுப்பில் உலை வைத்ததை மறந்தார். சாப்பிட்ட அரைமணியில் சோறு போடவில்லை என்று குறைப்பட்டார். எப்போதோ விற்றுப்போன காட்டுக்குக் களை வெட்டக் கிளம்பினார். நினைப்புத் தப்பிப் போச்சு என்றனர் சிலர். வேண்டுமென்றே நடிக்கிறார் என்றனர் சிலர். செய்வினை என்று வேப்பிலை அடிக்க அழைத்துப் போனவர்களும் உண்டு. ஆனால் ஒரு கூடைச் சின்ன வெங்காயத்தை முன்னால் வைத்துவிட்டால், பட்டறை போடுவதற்காகப் பொறுக்குவதுபோல அழுகலையும் நல்லதையும் அவர் கை பிழையின்றிப் பிரித்துப் போடும். கையின் பழக்கம் மூளையில் வேறிடத்தில் காக்கப்படுவதால் அது நெடுநாள் நிற்கும் என்பதைப் பிறகு படித்து அறிந்தேன்.

மருத்துவர் நோயின் பெயரை எழுதிக் கொடுத்த அன்று, வீட்டில் அதைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவர் எவருமில்லை. கல்லூரி வரை வந்த முதல் ஆள் நான்தான் என்பதால் அப்பொறுப்பு என்மேல் விழுந்தது. இது பிடிவாதமுமன்று, நடிப்புமன்று, மூளையின் செல்கள் அழிவதால் வருவது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்பாயியை யாரும் அதட்டவில்லை. நோயை எங்களால் நிறுத்த முடியவில்லை. இரண்டு ஆண்டுகளில் அவர் காலமானார். ஆயினும் அந்த இரண்டு ஆண்டுகளும் திட்டு வாங்காமல் வாழ்ந்தார். ஒரு நோய்க்குப் பெயர் கிடைப்பதன் பயன் என்னவென்று நூறாண்டுக்கு முன் மறைந்த அம்மருத்துவர் எங்கள் குடும்பத்துக்குக் கற்பித்தார்.

நம் நாட்டு நிலை

2023இல் வெளியான ஆய்வு ஒன்றின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர் டிமென்ஷியா என்னும் அறிவு மங்கலால் துன்புறுகின்றனர். அதற்கு முதற்காரணம் அல்சைமர் நோயே. மூளை மருத்துவத்தில் நம் தமிழகம் பின்தங்கியதன்று. 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. இராமமூர்த்தியும் மூளை அறுவை மருத்துவத் துறைகளைத் தொடங்கினர். 1992இல் கேரளத்தில் அல்சைமர் நோயாளிகளின் குடும்பங்களுக்கு உதவும் சங்கம் தோன்றியது. ஆனால் கிராமத்துத் திண்ணை வரை இந்த அறிவு இன்னும் வந்து சேரவில்லை.

முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அறிகுறிகளைச் சற்றுத் தணிக்கும் மாத்திரைகள் உண்டு. நோயின் தொடக்கத்தில் அதன் வேகத்தைச் சிறிது குறைக்கும் ஊசி மருந்துகளும் அண்மையில் வந்துள்ளன. எனினும் காப்பதற்கு வழி உண்டு. 2024இல் உலக அறிஞர் குழு ஒன்று, நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று கணக்கிட்டது. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், புகைத்தல், மது, காது மந்தம், தனிமை ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. இளமையில் கல்வி கிடைக்காமையும் அப்பட்டியலில் உள்ளது! படிப்பு சம்பளத்துக்கு மட்டுமன்று, மூளைக்கும் அரண் என்பதை இதனால் அறிகிறோம். நம் பாட்டிமார்களுக்குப் பள்ளிக்கூடத்தை மறுத்த சமுதாயம், அவர்களுடைய முதுமைக்கும் ஒரு தீங்கு செய்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முடிவுரை

அல்சைமர் பேரரசர் அல்லர். படை நடத்தியவரும் அல்லர். ஒரு சாதாரணப் பெண்மணியின் அருகே அமர்ந்து, அவர் சொன்ன தொடர்பற்ற சொற்களைப் பொறுமையோடு கேட்டு எழுதினார். அவர் இறந்த பின்னும் ஏன் என்ற கேள்வியை விடவில்லை. கவனமும் பரிவும் ஒருங்கே அமைந்தால் அறிவியல் மனிதர்க்குத் துணையாகும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

அன்பு நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நாம் படிப்பது தேர்வுத்தாளோடு முடிந்துவிடலாகாது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் பெரியவர் உங்கள் தெருவிலும் இருப்பார். அவரை நகைக்க வேண்டா, அதட்டவும் வேண்டா. அவருடைய பிள்ளைகளிடம் இது நோயாக இருக்கலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அவர் மறந்த பெயரை நாம் பத்தாவது முறையாகச் சொல்ல நேர்ந்தாலும் முகம் சுளிக்காமல் சொல்வோம். நாம் பெற்ற கல்வி நம் ஊருக்குச் செலுத்தும் கடன் அதுவே.